கைவிடுதலும் விடைகொடுத்தலும்

ஒரு நாயின் மரணத்தைப் பற்றி ஒரு பத்தி முழுவதும் எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். தேர்தல், கலவரம், சம்பளப் போராட்டம், மண்சரிவு என்று எத்தனையோ மரணங்களைச் செய்தியாக்கியிருக்கிறேன். மரண அறிவித்தல் பக்கத்துக்கு நள்ளிரவில் பிழை திருத்தியும் இருக்கிறேன். ஆயினும், ஓர் உயிரின் முடிவை நானே தீர்மானித்து, நாள் குறித்து, அதன் தலையை மடியில் தாங்கி அமர்ந்திருந்த அனுபவம் அண்மையில்தான் வாய்த்தது. அதற்கு முன்னர், அங்கே என்ன நடக்கும் என்று தமிழில் எடுத்துச் சொல்பவர் எவரையும் நான் காணவில்லை. அந்தக் குறையைச் சிறிதளவேனும் போக்குவதற்கே இதனை எழுதுகிறேன்.

மணிக்குப் பதின்மூன்று வயது. ஓய்வு பெற்று டிக்கோயாவுக்குத் திரும்பிய காலத்தில், அருகிலுள்ள லயம் ஒன்றிலிருந்து ஒரு சிறுவன் கைக்குள் அடக்கிக் கொண்டு வந்து தந்த குட்டி. சாதி, குலம் எதுவும் அறியாத நாட்டு நாய். இரவில் தேயிலை மலையிலிருந்து சிறுத்தை இறங்கி வந்தால் முதலில் அறிந்து குரல் கொடுப்பதும் அதுவே, முதலில் கட்டிலுக்கடியில் புகுந்து கொள்வதும் அதுவே.

சென்ற மழைக்காலத்தில் அது அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. பின்னர் உணவை மறுத்தது. வாய் நாறியது. ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் வான் பிடித்துப் பேராதனைக்குக் கொண்டு சென்று இரத்தம் சோதித்தோம். இரண்டு சிறுநீரகங்களும் பெரும்பகுதி பழுதாகிவிட்டன என்றார்கள். சேலைன் ஏற்றினால் சில நாட்களுக்குத் தெளிவு வரும், குணம் வராது என்றும் மறைக்காமல் சொன்னார்கள். சில வாரங்கள் தெளிந்திருந்தது. அதன் பின் எழுந்து நிற்கவும் இயலாமற் போயிற்று.

இனி என்ன செய்வது என்ற கேள்வி அப்போதுதான் வீட்டுக்குள் வந்தது.

நான் தொடர்பு கொண்ட முதல் மிருக வைத்தியர், "அதெல்லாம் நான் செய்வதில்லை, தன் பாட்டில் போகட்டும்" என்றார். இரண்டாமவர் பாவம் என்றார். அவர்களை நான் குறை கூற மாட்டேன். உயிர்க்கொலை செய்யாமையை முதற் சீலமாகக் கொண்ட பௌத்தமும், கொல்லாமையைப் பேரறமாகப் போற்றும் சைவமும் ஊறிய நாடு இது. ஊசியைப் பிடிக்க வேண்டிய கை அவர்களுடையது. ஆனால் "தன் பாட்டில் போகட்டும்" என்ற அந்தச் சொற்றொடர் என் மனத்தில் முள்ளாகத் தைத்தது. அதற்குக் காரணம் உண்டு.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் லயத்து இஸ்தோப்பில் ஒரு நாய் இருந்தது. அதற்கு நோய் கண்டு, கண்ணும் மூக்கும் ஒழுகி, கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. டிஸ்டெம்பர் என்ற பெயரைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். ஒரு மாலையில் அப்பா அதனை உரச்சாக்கு ஒன்றில் சுற்றித் தோளில் போட்டுக் கொண்டு மேல்மலைக்குச் சென்றார். வெறுங்கையுடன் திரும்பினார். அன்றிரவு மலையிலிருந்து அதன் குரல் கேட்டது. மறுநாள் இரவும் கேட்டது. மூன்றாம் நாள் கேட்கவில்லை. அது தன் பாட்டில் போயிற்று. அந்த இரண்டு இரவுகளும் அப்பா சாப்பிடவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. எனினும் நெடுங்காலம் நான் அவரை மன்னிக்கவில்லை.

இன்றும் எங்கள் மலையகத்தில் நோயுற்ற நாய்க்கும் பூனைக்கும் பெரும்பாலும் இவ்வழிகளே உள்ளன. பாதையோர வளைவில் இறக்கி விடுதல், சாக்கில் கட்டி ஆற்றோரம் போடுதல், அல்லது மூலையில் கிடந்து நாட்கணக்கில் சாக விடுதல். இவற்றில் எதையும் நாம் கொலை என்று அழைப்பதில்லை. வைத்தியர் ஒருவர் வலியின்றிச் செய்வதற்கு மாத்திரம் "கருணைக்கொலை" என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆங்கிலேயர் கையாளும் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. "நல்ல மரணம்" என்பதே அதன் பொருள். நமது சொல்லோ கருணையை முன்னே வைத்தாலும் கொலையிலேயே போய் முடிகிறது. சொல் நம்மை அச்சுறுத்துகிறது. அச்சத்தால் தள்ளிப் போடுகிறோம். தள்ளிப் போடும் நாட்களின் வலியை நாம் அனுபவிப்பதில்லை, அந்தப் பிராணி அனுபவிக்கிறது.

இந்தத் தருமசங்கடம் புதியதன்று. 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து கண்டியிலும் பதுளையிலும் பேசிச் சென்றவர் காந்தியடிகள். அதற்கு மறு ஆண்டு, 1928இல், அவருடைய சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று தீராத நோயில் வீழ்ந்தது. புரளக்கூட முடியாமல் கிடந்து துடித்தது. வைத்தியமும் கைவிட்ட நிலையில், ஆசிரமத்தாருடன் கலந்து பேசி, வைத்தியரை வரவழைத்து நச்சூசி போட்டு அதன் உயிரைப் போக்கச் செய்தார். பசுவைத் தாயென வணங்கும் நாட்டில், அகிம்சையைத் தம் மூச்சாகக் கொண்டவர் செய்த காரியம் இது. கண்டனக் கடிதங்கள் மலைபோற் குவிந்தன. அவர் ஒளித்து மறைக்கவில்லை. அவ்வாண்டு ஒக்டோபரில் யங் இந்தியாவில் வெளிப்படையாக விளக்கம் எழுதினார்.

அந்த விளக்கத்தில் பலரும் கவனியாது விடும் ஒரு பகுதி உண்டு. கன்றின் விடயத்தோடு, ஆசிரமத்துப் பயிர்களை நாசம் செய்த குரங்குகளின் விடயத்தையும் அவர் எடுத்துக் கொண்டார். கன்றைக் கொன்றது கன்றின் நன்மைக்காக, ஆகையால் அதில் இம்சை இல்லை என்றார். குரங்குகளைக் கொல்ல நேர்ந்தால் அது மனிதனின் சுயநலத்துக்காக, ஆகையால் அது இம்சையே என்றார். செயல் ஒன்றாயினும் யாருக்காகச் செய்கிறோம் என்பதே அதனை வேறுபடுத்துகிறது என்ற இந்த உரைகல்லை விடச் சிறந்த ஒன்றை நான் இதுவரை காணவில்லை. பராமரிக்கச் சலிப்பாக இருக்கிறது, பிரயாணம் போக வேண்டியிருக்கிறது, வீட்டில் நாற்றம் அடிக்கிறது என்ற காரணங்களுக்காக ஒரு பிராணியை முடித்து வைப்பது கொலையே. அதற்குக் கருணை என்று பெயர் சூட்டக்கூடாது. அதே உரைகல்லில் மறுபக்கத்தையும் தேய்த்துப் பார்க்க வேண்டும். நமக்கு மனம் வரவில்லை, நமக்குப் பாவம் சேரும் என்ற காரணங்களுக்காக அதனைத் துடிக்க விடுவதும் நம் சுயநலமே அல்லவா?

சரி, எப்போது நேரம் வந்துவிட்டது என்று எவ்வாறு அறிவது? அமெரிக்காவைச் சேர்ந்த மிருகப் புற்றுநோய் வைத்தியர் அலிஸ் வில்லலோபோஸ் என்பவர் 2004இல் ஓர் அளவுகோலை வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களை விட நல்ல நாட்கள் மிகுந்திருத்தல் என்று ஏழு விடயங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று புள்ளியிட வேண்டும். மொத்தம் எழுபதில் முப்பத்தைந்துக்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். வலி என்பதில் மூச்சுத் திணறலையும் அவர் அடக்கியிருக்கிறார், அதற்கே முதலிடம். நான் ஒரு பழைய நாட்காட்டியை எடுத்து, மணிக்கு நல்ல நாளென்றால் வட்டமும் கெட்ட நாளென்றால் கோடும் இட்டு வந்தேன். இரண்டு வாரங்களில் வட்டம் இரண்டே இருந்தது. என் மனம் சொன்ன பொய்களை நாட்காட்டி சொல்லவில்லை.

மூன்றாவதாக, பேராதனையில் பயின்ற இளம் வைத்தியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வர உடன்பட்டார். வந்ததும் அவர் முதலில் பையைத் திறக்கவில்லை. தரையில் அமர்ந்து மணியைத் தடவிக் கொடுத்தவாறே, என்ன நடக்கப் போகிறது என்பதைப் படிப்படியாகச் சொன்னார். அதன் பின்னரே சம்மதக் கடிதத்தில் கையொப்பம் வாங்கினார். அவர் சொன்னவற்றையும் நான் கண்டவற்றையும் இங்கே தருகிறேன்.

முதலில் ஓர் அமைதியூட்டும் ஊசி. இது மயக்கத்துக்குரியது, உயிரைப் போக்காது. ஐந்து முதல் பத்து நிமிடங்களில் பிராணி தளர்ந்து உறங்கும். சொல்ல வேண்டியதைச் சொல்லவும் விருப்பமான ஒரு வாய் உணவு கொடுக்கவும் ஏற்ற நேரம் இந்த ஊசிக்கு முன்னரே. அடுத்து முன்னங்காலில் சிறிது மயிர் மழித்து நரம்பில் கனூலா பொருத்துவார்கள். அதனூடாகப் பென்டோபார்பிட்டோன் என்ற மருந்தை அளவு கூட்டிச் செலுத்துவார்கள். இது அறுவைச் சிகிச்சை மயக்கத்துக்குப் பயன்பட்ட பழைய மருந்துதான். அளவு மிகும்போது முதலில் மூளை உறங்குகிறது, பின்பு மூச்சு நிற்கிறது, அதன் பின்பு இதயம் நிற்கிறது. அரை நிமிடத்துக்குள் நினைவு அற்றுப் போகும். சில நிமிடங்களில் எல்லாம் முடியும். நினைவு முதலில் போய்விடுவதால் அடுத்து நடப்பவற்றை அது உணர்வதில்லை.

நோயால் உடல் வற்றியிருந்தால் நரம்பு அகப்படுவது கடினம். மணிக்கு இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. இது வைத்தியரின் பிழையன்று. இப்படியும் நேரலாம் என்று முன்னரே தெரிந்திருந்தால் நாம் பதறமாட்டோம்.

கண்கள் மூடா. திரைப்படங்களில் காண்பது போன்று இமை தானாகச் சரிவதில்லை. உயிர் பிரிந்த பின்னரும் ஓரிரு தடவை பெருமூச்சு வாங்குவது போன்று மார்பு எழலாம், தசைகள் துடிக்கலாம், சிறுநீரோ மலமோ வெளியேறலாம். இவை உடலின் இறுதி அசைவுகளே, வலியின் அறிகுறிகள் அல்ல. இதை முன்னரே சொல்லாத இடங்களில், "ஐயோ, இன்னும் உயிர் இருந்ததே" என்று ஆயுள் முழுவதும் மருகும் மனிதர்களை நான் அறிவேன். ஒரு பழைய துணியைக் கீழே விரித்து வையுங்கள். வைத்தியர் இதயத்தைக் கேட்டு, கண்மணியைத் தொட்டுப் பார்த்து, முடிந்துவிட்டது என்று சொல்லும்வரை காத்திருங்கள்.

"ஐயா, நீங்க வெளியில போய் இருக்கிறதுன்னா இருங்க. நிறையப் பேரு அப்படித்தான் போயிருவாங்க" என்றார் அவர்.

"அப்படிப் போறவங்க நாய்கள் என்ன செய்யும் டொக்டர்?" என்று கேட்டேன்.

"கதவைப் பாத்துக்கிட்டே இருக்கும்" என்றார்.

நான் இருந்தேன். மகாபாரதத்தின் இறுதியில் தருமன் தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சொர்க்கம் புக மறுத்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அவன் நாயைச் சாகாமல் காப்பாற்றினான் என்று கதை சொல்லவில்லை. கூடவே நின்றான், அவ்வளவுதான். அதுவே நம்மால் இயன்றது.

சில எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். வலி தாங்காத பிராணிக்கு நாம் விழுங்கும் பனடோலைக் கொடுக்கும் பழக்கம் எங்கும் உண்டு. பூனைக்கு ஒரு வில்லையே யமனாகலாம், அதுவும் கொடிய மரணம். இபுபுரூபன் நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூச்சிநாசினியாலோ உறக்க மாத்திரையாலோ நாமே முடித்து விடலாம் என்று எண்ணுவது கருணையின் பெயரால் செய்யும் சித்திரவதை.

அடுத்தது புதைத்தல். இந்த மருந்து இறந்த உடலில் நெடுங்காலம் தங்கும், மண்ணிலும் இலகுவில் அழியாது. இவ்வாறு இறந்த பிராணிகளைத் தின்ற கழுகுகள் அமெரிக்காவில் மாண்டிருக்கின்றன. நம் மலையில் காட்டுப்பன்றி தோண்டும், தெருநாய் இழுக்கும், சிறுத்தை வரும். ஆகையால் ஒரு மீற்றருக்குக் குறையாமல் ஆழமாகத் தோண்டி மேலே கல் அடுக்க வேண்டும். குடிநீர் எடுக்கும் பீலிக்கு மேற்புறமாக ஒருபோதும் புதைக்கக்கூடாது. நோய் விசர்நாய் நோயாக இருக்கலாம் என்ற ஐயம் சிறிதேனும் இருந்தால் தொடவும் வேண்டாம், உடனே புதைக்கவும் வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிச் சோதித்தால்தான் கடியுண்டவர்களின் உயிருக்கு உத்தரவாதம்.

பிள்ளைகளிடம் "மணி தூங்கப் போய்விட்டது" என்று சொல்லாதீர்கள். இரவில் தூங்க அஞ்சுவார்கள். நோய் முற்றிச் செத்துப் போயிற்று, வலிக்காமல் இருக்க டொக்டர் உதவி செய்தார் என்று சொன்னால் அவர்களுக்கு விளங்கும். என் பேத்திக்கு விளங்கியது. எனக்குத்தான் விளங்க நாள் எடுத்தது.

கொய்யா மரத்தடியில் குழி தோண்டும்போது பக்கத்து லயத்து அக்கா ஒருவர் வந்து நின்றார். நாற்பது வருடம் கொழுந்தெடுத்தவர். "வாயில்லா சீவனுக்கு நல்ல சாவு குடுத்திட்டீங்க தம்பி. எங்க வீட்டு நாய்க்கு நாங்க எங்க போறது? ஒரு நாள் சம்பளத்துல வான் கூலிக்கே காணாதே" என்றார்.

இந்தப் பத்தியின் சாரம் அந்தக் கேள்விதான். தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021இல்தான் ஆயிரம் ரூபாவை எட்டியது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. பேராதனை வரை வான் பிடிக்க என்னால் முடிந்தது ஓய்வூதியமும் பிள்ளைகளும் இருப்பதால். நம் பகுதியின் அரச மிருக வைத்திய சேவை பெரும்பாலும் கறவை மாடுகளுக்கானது. அதுவும் அவசியமே, பல லயக் குடும்பங்களுக்குப் பால்மாடுதான் இரண்டாவது வருமானம். ஆனால் லயத்துக்குக் காவலிருக்கும் நாய்க்குக் கிடைப்பது, எப்போதாவது வரும் விசர்நாய்த் தடுப்பூசி மட்டுமே.

சட்டமும் துணைக்கு வரவில்லை. பிராணிகளை வதைப்பதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907இல் வெள்ளைக்காரன் எழுதியது, அதில் தண்டப்பணத்தின் உச்சம் நூறு ரூபா. 2006இல் சட்ட ஆணைக்குழு புதிய மிருக நலச் சட்டமூலம் ஒன்றை வரைந்தது. 2010இல் அது தனிநபர் பிரேரணையாகப் பாராளுமன்றத்துக்குச் சென்றது. 2016இல் அமைச்சரவை இணக்கம் தெரிவித்தது. அதன் பின்னரும் இழுபட்டது. இடையில், 2020 மே 26ஆம் திகதி, நல்லதண்ணி அருகே லக்சபான தோட்டத்தில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் மாட்டி, உடவளவையில் சிகிச்சை பலனின்றி மூன்றாம் நாள் இறந்தது. நாடே கண்ணீர் விட்டது. அதே சுருக்குகளில் மாட்டி இடுப்பு அறுந்து ஊர்ந்து வரும் நாய்களுக்காக எவரும் விடவில்லை.

1893 முதல் விசர்நாய் நோய்க்கென்று சட்டம் வைத்திருக்கும் நாடு இது. நெடுங்காலமாகத் தெருநாய்களைப் பிடித்து வாயுக்கூடுகளில் அடைத்துக் கொன்றோம். 2006இல் அதனைக் கைவிட்டுக் கொல்லாமைக் கொள்கைக்கு வந்தோம். அதனை வரவேற்று அன்று நானும் எழுதினேன், இன்றும் அதில் மாற்றமில்லை. ஆனால் கொல்ல மாட்டோம் என்ற சொல்லோடு கடமை முடிந்துவிடுவதில்லை. நலமுள்ள நாயைக் கொல்லாதிருப்பதும், மீள வழியின்றித் துடிக்கும் நாயை வலியின்றி வழியனுப்புவதும் ஒரே கருணையின் இரு கைகள்.

நான் கேட்பது பெரிதன்று. ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய இடங்களுக்கு மாதம் ஒரு நாள் நடமாடும் மிருக வைத்திய சேவை வரட்டும். கருத்தடை, தடுப்பூசி, சிகிச்சை, இறுதியாக இதுவும் அதில் இருக்கட்டும். மனச்சாட்சி இடந்தராத வைத்தியர் மறுக்கட்டும், அது அவர் உரிமை. ஆனால் மறுக்கும்போது செய்யக்கூடிய இன்னொருவரின் தொலைபேசி இலக்கத்தையாவது கொடுக்கட்டும். தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் இதற்கு ஒரு மண்டபத்தையும் ஒரு மேசையையும் தருவதால் நட்டப்படப் போவதில்லை. மனிதனுக்கே வைத்தியமில்லாத இடத்தில் நாய்க்கா என்று கேட்போர் இருப்பர். உரச்சாக்கைத் தோளில் சுமந்து மலையேறியவனும் மனிதன்தான் என்பதே அவர்களுக்கு என் பதில்.

மணியைப் புதைத்த அன்றிரவு மழை பெய்தது. மேல்மலைப் பக்கமிருந்து எந்தக் குரலும் வரவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் அந்த மலையேறிய மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து தரையில் அமரும் வைத்தியர் எவரும் இருக்கவில்லை. துப்பாக்கி துரையிடம் இருந்தது. அப்பாவிடம் ஒரு சாக்கு மட்டுமே இருந்தது. இதை அவர் உயிரோடிருந்த காலத்தில் நான் உணர்ந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.